கேட்ட தேதியைக் காகிதத்தில் வாங்குங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, 2025 மார்ச் மாதக் கடைசியில், நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவருக்கு 46 வயது. திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் 17 ஆண்டுகள் தையல் வேலை பார்த்தவர். 2022 தீபாவளி முடிந்த கையோடு அந்தக் கம்பெனி மூடப்பட்டது. சில மாதங்கள் அங்கேயே அலைந்து பார்த்துவிட்டு, வாடகை கட்ட முடியாமல் குடும்பத்துடன் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். அன்றிலிருந்து நிலையான வேலை இல்லை. அறுவடைக் காலத்தில் சில நாள், கட்டடச் சித்தாளாகச் சில நாள் என்று ஓடுகிறது. மனைவி நூறு நாள் வேலைக்குப் போகிறார். அவருக்கும் நவம்பர் கடைசிக்குப் பிறகு செய்த 24 நாள் வேலைக்குக் கூலி வரவில்லை. நாளுக்கு 319 ரூபாய் வீதம் 7,656 ரூபாய் நிலுவை.

தானும் வேலைக்கு வருவதாக ஊராட்சி அலுவலகத்தில் இவர் மூன்று முறை கேட்டிருக்கிறார். குடும்பத்தின் வேலை அட்டையில் பெயர் இல்லை என்றும், வெளியூரில் இருந்துவிட்டு வந்தவருக்குக் கிடையாது என்றும், ஆண்களுக்கு இப்போது வேலை இல்லை, வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றும் மூன்று முறையும் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டரை ஆண்டு வேலையில்லாமல் இருந்ததற்கு அரசிடம் படி கேட்க முடியுமா, கூலிக்காக வழக்குப் போடலாமா, புகார் கொடுத்தால் மனைவியின் வேலையும் போய்விடுமா என்பவை இவருடைய கேள்விகள். கடைசிப் பக்கத்தில், “இது அரசாங்கம் பார்த்துக் கொடுக்கிற உதவிதானே ஐயா, உதவியைச் சண்டை போட்டுக் கேட்பது நியாயமா?” என்றும் எழுதியிருக்கிறார். 2025 ஏப்ரலில், அன்றிருந்த சட்டத்தையும் தொகைகளையும் வைத்து நான் எழுதிய பதில் இது.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற மூன்றுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. நூறு நாள் வேலை உதவித் திட்டம் அல்ல. 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் கொடுத்த உரிமை அது. 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 மாவட்டங்களில் அது நடைமுறைக்கு வந்தபோது, தமிழ்நாட்டில் முதலில் எடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் உங்களுடையதும் ஒன்று. உதவித் திட்டத்தில் யாருக்குக் கொடுப்பது என்பதை அதிகாரி முடிவு செய்வார். இந்தச் சட்டத்தில், உடலுழைப்பு வேலை செய்ய முன்வரும் ஊரகக் குடும்பத்தார் கேட்டால் கொடுத்தாக வேண்டும். எத்தனை மாதம் வேலையில்லாமல் இருந்தீர்கள், என்ன படித்தீர்கள், வறுமைக் கோட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்க இதில் யாருக்கும் அதிகாரம் இல்லை. வெயிலில் மண் வெட்டத் தயார் என்று ஒருவர் சொல்வதையே அவருடைய தேவைக்குப் போதுமான சான்றாகச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் இந்த உரிமை, நீங்கள் கேட்டது பதிவாகிற நொடியில்தான் உயிர் பெறுகிறது. மூன்று முறை நீங்கள் வாயால் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வாய்மொழியாகக் கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனாலும் அந்த மூன்று முறைக்கும் இன்று எந்தச் சுவடும் இல்லை. உங்கள் மனைவியின் வேலை அட்டையை எடுத்துப் பாருங்கள். வேலை கோரிய நாளைக் குறிப்பதற்கென்று அதில் இடம் இருக்கும். என்னிடம் வந்த அட்டைகள் பலவற்றில் வேலை செய்த நாள்கள் பேனாவால் நிரப்பப்பட்டிருக்கும், இந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றிடத்தால்தான் “வேலை வந்தால் சொல்கிறோம்” என்ற பதில் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

அட்டையும் உங்கள் பெயரும்

உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று காரணங்களில் முதலாவது மட்டும் பாதி உண்மை. அட்டையில் பெயர் இல்லாமல் வேலை கோர முடியாதுதான். ஆனால் பெயரைச் சேர்ப்பது ஊராட்சியின் கடமை. இரத்த உறவாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ இணைந்து, ஒன்றாக வசித்து, ஒரே உலையில் சமைத்து உண்பவர்கள் அல்லது ஒரே குடும்ப அட்டையில் இருப்பவர்கள் இந்தச் சட்டத்தின்படி ஒரு குடும்பம். 18 வயது நிரம்பிய நீங்கள் அந்தக் குடும்பத்தில் ஒருவர். ஆகவே தனி அட்டை கேட்காதீர்கள், மனைவியின் அட்டையில் உங்கள் பெயரைச் சேர்க்கும்படி விண்ணப்பியுங்கள். பிழைப்புக்காக வெளியூர் சென்று திரும்பியவர்களும் உள்ளூர்க்காரர்களே என்பது திட்டத்தின் நடைமுறை விதிகளிலேயே இருக்கிறது. ஆண்களுக்கு வேலை இல்லை என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் வேலைக்கு வருபவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்களே என்பதால், இது பெண்களுக்கான திட்டம் என்ற எண்ணம் ஊர்களில் தானாகவே பரவிவிட்டது.

இங்கே உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு தவறான கணக்கையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு நூறு நாள், மனைவிக்கு நூறு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நூறு நாள் என்பது குடும்பத்துக்குத்தான். நீங்கள் செய்யும் ஒவ்வொரு நாளும் மனைவியின் கணக்கிலிருந்துதான் கழியும். கடந்த நிதியாண்டில் அவர் 62 நாள் வேலை செய்திருக்கிறார், மீதி 38 நாள் மார்ச் 31-உடன் கழிந்துவிட்டது, அது அடுத்த ஆண்டுக்கு வராது. ஏப்ரல் 1 முதல் புதிய நூறு நாள் தொடங்கியிருக்கிறது, கூலியும் 336 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு நூறு நாளையும் உங்கள் குடும்பம் எட்டாத நிலையில், நீங்களும் சேர்வது லாபம்தான். எட்டிவிடும் நிலை வந்தால், வெளியில் கூலி அதிகம் கிடைக்கும் உங்களைவிட அவர் போவதே வீட்டுக்கு நல்லது. இதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பிக்கும் முன்பு வங்கிக்கு ஒருமுறை போய் வாருங்கள். 2024 ஜனவரி 1 முதல் கூலி ஆதார் வழியாகவே செலுத்தப்படுகிறது. அதாவது, நீங்கள் எழுதிக் கொடுக்கும் கணக்கு எண்ணைப் பார்த்துப் பணம் வருவதில்லை, கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போய்ச் சேர்கிறது. உங்கள் ஆதார் இன்னமும் திருப்பூரில் கம்பெனி தொடங்கிக் கொடுத்த சம்பளக் கணக்கோடு இணைந்திருக்கக்கூடும். ஏடிஎம் அட்டை காலாவதியாகி, புத்தகமும் தொலைந்துபோன கணக்கில் கூலி விழுந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொழிலாளி ஐந்து மாதமாக ஊராட்சிச் செயலாளரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நின்றுபோன கூலி

செய்த வேலைக்கு வாரந்தோறும், எப்படியும் பதினைந்து நாளுக்குள், கூலி தர வேண்டும் என்பது சட்டத்தின் 3ஆவது பிரிவு. வருகைப் பதிவேடு முடிக்கப்பட்ட நாளிலிருந்து 16ஆவது நாளுக்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும், நிலுவைத் தொகையில் 0.05 விழுக்காடு இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் இரண்டாம் அட்டவணை. உங்கள் மனைவியின் 7,656 ரூபாய்க்கு அது நாளுக்கு 3 ரூபாய் 83 காசு. 90 நாள் தாமதம் என்று வைத்துக்கொண்டால் 344 ரூபாய் 52 காசு. தொகை சிறியதுதான், இதற்காக எதற்கு அலைய வேண்டும் என்று தோன்றும். ஆனால் இழப்பீட்டையும் சேர்த்துக் கேட்கும்போதுதான், தாமதம் என்று ஒன்று நடந்ததை அலுவலகம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டி வருகிறது. அதனால் கேட்காமல் விடாதீர்கள்.

நிதி வரவில்லை, நாங்கள் என்ன செய்வது என்று உங்கள் ஒன்றிய அலுவலகத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றிய அரசே தர வேண்டும். நவம்பர் இறுதியிலிருந்து அந்தப் பணம் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றிருப்பதால் 1,056 கோடி ரூபாய் நிலுவை என்று ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் மாநில அரசு சொன்ன நிலுவைத் தொகை 4,034 கோடி. அப்படியானால் திட்டத்தையே நிறுத்தப் போகிறார்கள் என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்வது சரியல்ல. சட்டத்தின் 27ஆவது பிரிவைப் பயன்படுத்தி ஒன்றிய அரசு நிதியை நிறுத்திவைத்திருப்பது மேற்கு வங்கத்துக்கு, 2022 மார்ச் முதல். தமிழ்நாட்டில் நடப்பது நிதி விடுவிப்பில் தாமதம். பணம் வரும் என்ற எதிர்பார்ப்போடு உரிமையைக் கேட்டு வைப்பதே சரி.

நிதி வராதது தொழிலாளியின் பிரச்சினை அல்ல என்பதை 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதினைந்து நாளில் கூலி பெறுவது தொழிலாளியின் உரிமை, தாமதம் மாநிலத்தின் பக்கமா ஒன்றியத்தின் பக்கமா என்பதை அரசுகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும், அதைக் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். உங்கள் மனுவில் இந்தத் தீர்ப்பை ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா என்றால், போடலாம். ஆனால் 7,656 ரூபாய்க்காக ஒரு குடும்பம் தனியாகச் சென்னைக்கு அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்குமே அந்தத் தொகை கரைந்துவிடும், பணமும் தீர்ப்புக்கு முன்பே வந்துவிட வாய்ப்பு அதிகம். ஊரில் பலருக்கும் நிலுவை இருப்பதால், எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டு, திருவண்ணாமலை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவது அதன் கடமை. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

வேலையின்மைப் படி

இரண்டரை ஆண்டுக்கான படி கிடைக்காது. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். இந்தப் படி, வேலை இல்லாமல் இருந்ததற்காகக் கொடுப்பது அல்ல. வேலை கேட்டுப் பதினைந்து நாளாகியும் தராததற்காகக் கொடுப்பது. ஆகவே கணக்கு, தேதியிட்ட விண்ணப்பத்திலிருந்துதான் தொடங்கும். ஏப்ரல் 21 அன்று கொடுத்து ரசீது வாங்கினால், மே 6-க்குள் வேலை ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அதன் பிறகு முதல் 30 நாளுக்குக் கூலியில் நான்கில் ஒரு பங்கு, அதாவது நாளுக்கு 84 ரூபாய், மீதி நாள்களுக்குப் பாதி, அதாவது 168 ரூபாய்.

இந்தப் படியை யார் தர வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேலை கொடுத்தால் கூலி ஒன்றிய அரசின் பணம். வேலை கொடுக்கத் தவறினால் படி மாநில அரசின் பணம். மாநிலங்கள் முயன்று வேலை கொடுக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட ஏற்பாடு இது. நடைமுறையில் அது ரசீது கொடுக்காத பழக்கமாக முடிந்துவிட்டது. ரசீது இல்லையென்றால் கோரிக்கை இல்லை, கோரிக்கை இல்லையென்றால் படியும் இல்லை. சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்த மிகக் கூர்மையான கருவி இப்படி மழுங்கிக் கிடப்பது என்னை இன்னமும் வேதனைப்படுத்துகிறது. மாநில அரசின் பொருளாதார நிலைக்கு உட்பட்டு என்ற சொற்களும் 7ஆவது பிரிவில் இருக்கின்றன. எனவே படியை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். ரசீதின் பெரிய பயன், அதைக் கையில் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் வேலையே கிடைத்துவிடுகிறது என்பதுதான்.

ஓர் எச்சரிக்கை. வேலை ஒதுக்கிய தகவல் வந்து 15 நாளுக்குள் போகாவிட்டாலோ, அனுமதியின்றி ஒரு வாரத்துக்கு மேல் வராமல் இருந்தாலோ மூன்று மாதத்துக்குப் படி கேட்கும் தகுதி போய்விடும். அறுவடைக் கூலிக்குப் போகும் திட்டமுள்ள நாள்களில் வேலை கேட்டு வைக்காதீர்கள். வேலை உங்கள் ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் தரப்பட வேண்டும், அதற்கு அப்பால் தந்தால் கூலியில் பத்து விழுக்காடு கூடுதல் உண்டு.

புகார் கொடுத்தால் மனைவியின் வேலை போகுமா?

இந்தப் பயம் உங்களுடையது மட்டும் அல்ல. ஏரிக்கரையில் காலையில் பணித்தளப் பொறுப்பாளர் கைபேசியில் படம் எடுக்கும்போது, அந்தப் படத்துக்குள் தான் இருக்கிறோமா என்று எட்டி எட்டிப் பார்க்கும் பெண்களைக் கண்டவர்களுக்கு இது புரியும். 2023 ஜனவரி முதல் நாளுக்கு இரண்டு முறை எடுக்கும் அந்தப் படம்தான் வருகைப் பதிவு என்றாகிவிட்டதால், படம் எடுப்பவரின் மனம் கோணக் கூடாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் புகார் கொடுத்த காரணத்துக்காக அட்டையை ரத்து செய்யச் சட்டத்தில் இடமில்லை. இரட்டை அட்டையாக இருந்தால், அல்லது குடும்பம் முழுவதும் நிரந்தரமாக வேறு ஊருக்குப் போய்விட்டால்தான் நீக்கலாம். இருந்தாலும் அன்றாட உரசலைச் சட்டப் பிரிவால் தடுக்க முடியாது. அதனால்தான் கூட்டு விண்ணப்பம் கொடுங்கள் என்கிறேன். சட்டம் அதை அனுமதிக்கிறது. பத்துப் பதினைந்து பெயர்களில் ஒன்றாக உங்கள் பெயர் இருந்தால், பழிவாங்க ஆளைத் தேடுவது கடினம்.

தலைவர்தான் தடுக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்துவிட்டது. இப்போது பொறுப்பில் இருப்பவர் தனி அலுவலர். முன்னாள் தலைவரின் வீட்டு வாசலில் நிற்பதால் பயனில்லை. உங்கள் விண்ணப்பத்தை ஊராட்சிச் செயலாளர் வாங்க மறுத்தால், ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலரிடம், அதாவது பி.டி.ஓ.விடம், நேரில் கொடுங்கள். அவரே இந்தச் சட்டத்தின்படி திட்ட அலுவலர். அங்கும் மறுத்தால் ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கையெழுத்தாகித் திரும்பி வரும் அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ரசீதுக்குப் பதிலாகக் காட்ட உங்களிடம் அது ஒன்றே இருக்கும்.

புகார் எதுவானாலும் திட்ட அலுவலர் பதிவேட்டில் எழுதி ஏழு நாளில் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் மாவட்டத்தில் இத்திட்டத்துக்கென்று உள்ள குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அத்துடன், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மூன்று விவரங்களைக் கேளுங்கள்: 2024-25-இல் உங்கள் ஊராட்சியில் வேலை கோரி வந்த விண்ணப்பங்கள் எத்தனை, கொடுத்த ரசீதுகள் எத்தனை, தாமத இழப்பீடாகக் கணக்கிட்ட தொகை எவ்வளவு. அதற்கு முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 17 ஆண்டு வேலை பார்த்த கம்பெனி பணிக்கொடை தந்ததா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் அது உண்டு, கம்பெனி மூடப்பட்டாலும் உண்டு. பி.எஃப். ஓய்வூதியப் பகுதியையும் மொத்தமாக எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் பணம் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள், கொடுக்காதீர்கள். பத்து ஆண்டுக்கு மேல் பணிக்காலம் உள்ளவர் அதை மொத்தமாக எடுக்க முடியாது. 58 வயதில் மாத ஓய்வூதியமாகத்தான் வரும், 50 வயதிலிருந்து குறைந்த தொகையாகப் பெறலாம். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண் என்று கையில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும் அன்றே இதையும் காட்டுங்கள்.

விண்ணப்பத்துக்கு வக்கீல் தமிழ் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளில் இப்படி எழுதினால் போதும்: “எங்கள் குடும்ப வேலை அட்டை எண் இது. அட்டையில் என் பெயரைச் சேர்க்கக் கோரி இத்துடன் தனி மனு இணைத்துள்ளேன். 2025 மே 5 முதல் தொடர்ந்து 14 நாள் உடலுழைப்பு வேலை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இவ்விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ரசீது வழங்கவும்.” பெயர் சேரும்வரை தாமதமாகாமல் இருக்க, இதே விண்ணப்பத்தை மனைவியின் பெயரிலும் ஒன்று கொடுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை மை மங்கலாக விழுந்திருந்தால் தேதியைப் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மே 1 அன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். அந்த ரசீதையும், மனைவியின் கூலி நிலுவைக் கணக்கையும், தகவல் கேட்ட மனுவின் பிரதியையும் எடுத்துக்கொண்டு போய், நிலுவை உள்ள மற்றவர்களோடு முன்வரிசையில் உட்காருங்கள். நீங்கள் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு, அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.